சத்தமாக யோசிக்கத் தெரியாதவர்

அத்தானிடம் இன்று ஒரு கேள்வி கேட்டால் பதில் நாளைக்கு வரும். ஜன்னல் திரைக்கு என்ன நிறம் வாங்கலாம் என்று அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டாள். திங்கட்கிழமை காலை அவள் வாய் நிறையப் பற்பசை நுரையோடு நின்றபோது, குளியலறை வாசலில் வந்து நின்று "சாம்பல்" என்றார். "என்ன சாம்பல்? எங்க? எது எரிஞ்சுது?" என்று அவள் துப்பிவிட்டு அடுப்பங்கரைக்கு ஓடினாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம் ஆகியும் அவளுக்கு இது பழகவில்லை. அவர்கள் வீட்டு மாடி அறையில் நான்கு வருடமாக இருக்கும் எனக்குப் பழகிவிட்டது. எனக்கும் பேச்சு லேசில் வராது.

அவர் மென்பொருள் எழுதுகிறவர். பதினெட்டு வருடம் ஒரே நிறுவனம். விமான நிலையத்தில் நாம் ஒப்படைக்கும் பெட்டி ஒரு கறுப்பு ரப்பர் பட்டையில் ஏறி, சுவரில் இருக்கும் துளைக்குள் போய் மறைகிறதல்லவா? அதற்குப் பிறகு அது எங்கே திரும்ப வேண்டும், எந்த விமானத்தில் ஏற வேண்டும் என்று முடிவு செய்வது ஒரு மென்பொருள். அதில் பாதிக்கு மேல் அத்தான் எழுதியது. ஊருக்குப் போகும்போது பெட்டியைக் கொடுத்துவிட்டு நாங்கள் நகர்ந்துவிடுவோம். அவர் மட்டும் அந்தத் துளையில் தொங்கும் ரப்பர் நாக்குகள் ஆடி அடங்கும்வரை நின்று பார்ப்பார். "வாங்க, அது ஒண்ணும் உங்களுக்கு டாட்டா காட்டாது" என்று அக்கா கையைப் பிடித்து இழுத்துப் போவாள்.

இந்த வருடத் தொடக்கத்தில் நிறுவனம் எங்கள் ஊர்க் கிளையை மூடப்போவதாக அறிவித்தது. அத்தானுக்கு மட்டும் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார்கள்: கிழக்கே வெகுதூரத்தில் இருக்கும் தலைமை அலுவலகத்தில் மேலாளர் பதவி. அங்கே அவர் நிரல் எழுத வேண்டியதில்லை. எழுதுகிறவர்களைக் கூட்டிவைத்துப் பேசினால் போதும். இதை ஒரு சலுகையைப் போலச் சொன்னார்கள். மகளுக்குப் பள்ளியில் கடைசி வருடம். அக்காவுக்குக் கண் மருத்துவமனையில் வேலை. இருவரையும் விட்டுவிட்டுத் தனியாகத்தான் போக வேண்டும். அந்த மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் சம்மதமா இல்லையா என்று எழுதிவிட வேண்டும். அதற்குள் இந்த ஊரிலேயே வேறு வேலை கிடைத்தால் வீட்டோடு இருக்கலாம், தெரிந்த தொழிலையும் செய்யலாம்.

கிடைத்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பதினெட்டு வருட அனுபவம் என்றதும் ஐந்து இடங்களிலிருந்து உடனே கூப்பிட்டார்கள். ஆனால் இப்போதெல்லாம் அனுபவத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை, செய்துகாட்டச் சொல்கிறார்கள். வீடியோ அழைப்பில் இரண்டு பேர் வருவார்கள். ஒரு புதிர் கொடுப்பார்கள். இரு தரப்புக்கும் தெரிகிற ஒரு பொதுத் திரையில், முக்கால் மணி நேரத்தில், அதற்கு நிரல் எழுத வேண்டும். எழுதினால் மட்டும் போதாது. மனத்தில் என்ன ஓடுகிறது என்பதை வாயால் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும்.

முதல் நேர்காணலில் அத்தான் புதிரைப் படித்துவிட்டு யோசித்தார். பதினோரு நிமிடம் யோசித்தார். கண் இமைத்தாரா என்றுகூடத் தெரியாது. எதிரில் இருந்த பெண், படம் உறைந்துவிட்டது என்று நினைத்து அழைப்பைத் துண்டித்து மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் அதே முகம் அதே இடத்தில் இருந்தது. "சார், உங்க நெட்டுல ஏதோ பிரச்சினை போல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இரண்டாவதில், பேசியே தீர்வது என்று முடிவு கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நன்றாகத்தான் பேசினார். முடிவில் திரையில் நான்கு வரிதான் இருந்தது. அதில் ஒன்று காலி வரி. மூன்றாவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான்காவது இடத்திலிருந்து வந்த மின்னஞ்சலில், வருந்துகிறோம் என்று தொடங்கி, 'உங்கள் பயணம் சிறக்க வாழ்த்துகள்' என்று முடித்திருந்தார்கள்.

"எந்தப் பயணம்? நாம எங்கயும் போகலையே" என்றாள் அக்கா.

யாரும் சிரிக்கவில்லை. சொன்ன பிறகு அவளும் சிரிக்கவில்லை.

மிச்சம் இருந்தது ஒன்று. மருத்துவமனைகளுக்கு, எந்த நோயாளி எந்த மருத்துவரை எத்தனை மணிக்குப் பார்க்கலாம் என்று நேரம் ஒதுக்கித் தரும் மென்பொருள் செய்கிற இடம். வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். நேர்காணல் கடைசி வாரத்தின் புதன்கிழமை, மூன்று மணிக்கு.

அவருக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பை மகள் எடுத்துக்கொண்டாள். பதினேழு வயதாகியும் அவளை வீட்டில் வாண்டு என்றுதான் கூப்பிடுகிறோம். முட்டை வேகவைக்கும் டைமரைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு, அப்பாவுக்கு எதிரில் உட்காருவாள்.

"மிஸ்டர் அப்பா, உங்க அணுகுமுறை என்ன?"

"முதல்ல யோசிக்கணும்."

"சத்தமா யோசிங்க."

"சத்தமா யோசிச்சா அது பேச்சு. யோசனை இல்ல."

"இதுக்கே அஞ்சு மார்க் குறைச்சாச்சு. மாமா, எழுதிக்கோ."

"நான் ஒரு நாளைக்கு நாப்பது பேரைச் சத்தமா படிக்க வைக்கிறேன்" என்று அக்கா உள்ளேயிருந்து சொல்வாள். அவளுடைய வேலை நோயாளிகளை எழுத்து அட்டைக்கு முன்னால் உட்காரவைத்துப் பார்வை பரிசோதிப்பது. "தெரியலைன்னாலும் குத்துமதிப்பா ஏதாவது சொல்லுவாங்க. ஆனா சொல்லுவாங்க. உங்களை மாதிரி அட்டையை முறைச்சுப் பார்த்துட்டு எந்திரிச்சுப் போனவங்க ஒருத்தர்கூட இல்ல."

"அட்டையில என்ன இருக்குன்னு உனக்கு முன்னாடியே தெரியும்" என்றார் அத்தான். எங்கள் வீட்டுக் கணக்கில் அது அவருக்கு நீளமான வாக்கியம்.

நானும் இதே துறையில்தான், சோதனைப் பிரிவில், மூன்று வருடமாக இருக்கிறேன். மற்றவர்கள் எழுதியதில் ஓட்டை தேடுவது என் வேலை. அதனாலோ என்னவோ, அவர் வேலை செய்வதைப் பின்னாலிருந்து பார்ப்பது எனக்குப் பிடிக்கும். அப்படிப் பார்த்ததில் ஒன்று கவனித்திருந்தேன். நிரல் தொடங்கும் முன் அவர் வேகமாக ஐந்தாறு வரி எழுதுவார். அது நிரல் இல்லை, ஏதோ பேச்சு. எழுதி முடித்ததும் அதன் கீழே உண்மையான நிரலை மளமளவென்று எழுதுவார். சேமிக்கும் முன் மேலே இருக்கும் அந்தப் பேச்சு முழுவதையும் சுட்டியை ஒரே வீச்சில் இழுத்து நீலமாக்கி அழித்துவிடுவார். எழுதியதை அடித்துவிடுகிற ஆட்களை எனக்குத் தெரியும். பெரும்பாலும் சரியில்லாத வரியைத்தான் அடிப்பார்கள். இவர் அழித்ததில் எதுவோ சரியாக இருந்தது. இல்லாவிட்டால் நிரல் அத்தனை சுலபமாக வந்திருக்காது.

"என்னத்தான் அது, அழிச்சீங்களே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒண்ணுமில்ல மாப்ள" என்றார். மறுநாளும் அதற்குப் பதில் வரவில்லை.

வாண்டு நடத்திய தேர்வுகளில் அவர் அதைச் செய்யவில்லை என்பதையும் கவனித்தேன். விரல்கள் விசைப்பலகைக்குப் போகும், அவள் பார்க்கிறாள் என்பது நினைவுக்கு வரும், திரும்பிவிடும்.

புதன்கிழமை வந்தது. நல்ல சிக்னல் கிடைப்பது கூடத்தில் மட்டும்தான். மேஜையைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, கேமராவைச் சரிபார்த்து, மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே உட்கார்ந்துவிட்டார். காதில் மாட்டிக்கொண்டால் தன் குரலே தன்னைத் துரத்துகிறது என்று ஸ்பீக்கரில் பேசுவதுதான் அவர் வழக்கம். அக்கா தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குள் போனாள். காலையில் கழுவாத கோப்பை ஒன்றை வைக்க நானும் போனேன். அதற்குள் "வணக்கம் சார்" என்று கூடத்தில் ஒரு பெண்குரல் கேட்டது. அத்தானின் முதுகுக்கு நேர் பின்னால் சமையலறை வாசல். வெளியே வந்தால் கேமராவில் விழுவோம்.

"போச்சு. ஒரு மணி நேரம் இங்கதான்" என்று அக்கா கிசுகிசுத்தாள். நான் தரையில் உட்கார்ந்தேன். அவள் கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்தாள்.

கேள்வி கேட்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். அணித் தலைவியின் குரலில் அவசரமே இல்லை. இன்னொருவர் சின்ன வயதுக்காரர், கறார்ப் பேர்வழி. புதிரை அவர்தான் வாசித்தார். ஒரே நாளில் பல கூட்டங்கள்; ஒவ்வொன்றும் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் ஒரு பட்டியலில் இருக்கிறது; எல்லாம் தடையில்லாமல் நடக்கக் குறைந்தது எத்தனை அறைகள் வேண்டும்? "யோசிக்கிறதைச் சொல்லிட்டே எழுதுங்க சார்" என்று முடித்தார்.

சமையலறைக் குழாயிலிருந்து சொட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. அக்கா எட்டிக் குழாயை இறுக்கினாள்.

ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது.

"சார்," என்றாள் தலைவி, "நாங்க பத்து நிமிஷம் கேமராவையும் மைக்கையும் அணைச்சு வைக்கிறோம். நீங்க பாட்டுக்கு நிதானமா பாருங்க. வேணும்னா கூப்பிடுங்க."

"சரிங்க" என்றார் அத்தான். அடுத்த நொடியே விசைப்பலகை சடசடவென்று இறங்கத் தொடங்கியது. மாடியில் நான் பழகிப்போன சத்தம் அது. நிரல் இல்லை, அந்தப் பேச்சுதான் இறங்குகிறது என்று எனக்குப் புரிந்தது.

முகங்கள் மறைந்ததும் அவர்கள் எழுந்து போய்விட்டார்கள் என்று நினைத்துவிட்டதாக அத்தான் பிறகு சொன்னார். பொதுத் திரை அப்படியே இருக்கிறது, அடிக்கும் ஒவ்வோர் எழுத்தும் எதிர்ப்பக்கம் தெரியும் என்பது பெட்டிக்கு வழிகாட்டுகிற மென்பொருள் எழுதியவருக்குத் தெரியாத விஷயமா? தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். மறுநாள்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். தலைவியின் குரல் வந்தது.

"சார், குறுக்கே பேசறேன், மன்னிக்கணும். நீலப் பெட்டிக்காரம்மா யாரு?"

விசைப்பலகை நின்றது. அக்கா வாளியிலிருந்து மெல்ல எழுந்தாள்.

"எனக்கும் அதான் தெரியணும்" என்று என் காதருகே சொன்னாள்.

"அது... அது நான் எனக்கு எழுதினது" என்றார் அத்தான். "அழிச்சுடறேன்."

"ஐயோ, அழிக்காதீங்க. நான் படிச்சுட்டிருக்கேன்." பிறகு அவள் சத்தமாகவே வாசித்தாள். "'ஒருத்தர் எந்திரிக்கிற நொடியிலேயே அடுத்தவர் வந்து நின்னா? அவர் அவசரக்காரர். நாற்காலி சூடா இருந்தாலும் உட்காருவார். அறை ஒண்ணே போதும்.' அடுத்தது: 'ஒரே ஆள் ரெண்டு தடவை வந்தா? இரட்டைப் பிறவியா, இல்ல எழுதினவன் தூங்கிட்டானா? கேட்டுக்கோ.' அப்புறம்: 'தொடங்குற நேரத்துக்கு முன்னாடியே முடியுற நேரம் வந்தா? நீலப் பெட்டிக்காரம்மா. தப்புன்னு தூக்கிப் போட்டுடாதே மடையா. போன தடவை போட்டியே.'"

"மடையான்னு யாரைச் சொல்றீங்க?" என்று கேட்டார் கறார்ப் பேர்வழி.

"என்னைத்தாங்க."

அத்தானின் பின்கழுத்து சிவந்திருக்கும் என்று பார்க்காமலே தெரிந்தது. ஆனால் அவர் பேசினார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு ஓர் அம்மா நீலநிறப் பெட்டியோடு வந்தார்கள். அவர்கள் வந்த விமானம் பத்து மணிக்குக் கிளம்பி ஒன்பதரைக்கு இறங்கியது. வேறொன்றுமில்லை, இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் வித்தியாசம். அத்தான் எழுதிய நிரலுக்கு அது தெரியவில்லை. கிளம்பும் முன்பே இறங்கிய பெட்டி என்பது பொய்த் தகவல் என்று முடிவு கட்டி, கேட்பாரற்ற பெட்டிகளின் வரிசைக்கு அதைத் தள்ளிவிட்டது. பட்டை நின்று, எல்லோரும் போன பிறகும் அந்த அம்மா நான்கு மணி நேரம் அங்கேயே நின்றார்கள். அவர்கள் சாப்பிட வேண்டிய மருந்து பெட்டிக்குள் இருந்தது. கடைசியில் அத்தானே கிடங்குக்குள் போய்த் தேடி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் தலைவி.

"திட்டினாங்க. அதுக்கப்புறம் எது எழுதினாலும் முதல்ல அவங்களைக் கொண்டுவந்து நிறுத்திடுவேன். அவங்க நல்லபடியா வெளிய போயிட்டா மத்தவங்க போயிடுவாங்க."

அக்கா மறுபடி வாளியில் உட்கார்ந்தாள். "இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரேன்" என்றாள். அதில் கோபம் பாதிதான் இருந்தது.

"சார், இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம்தான் இருக்கு" என்றார் கறார்ப் பேர்வழி.

அதற்குப் பிறகு விசைப்பலகைச் சத்தமும் நடுநடுவே கேள்வியும் பதிலுமாக நேரம் ஓடியது. "அவசரக்காரருக்கு வழி விட்டாச்சா?" என்று தலைவி கேட்பாள். "விட்டாச்சு" என்பார் அத்தான். "இரட்டைப் பிறவி?" என்று கறார்ப் பேர்வழியே ஒருமுறை கேட்டுவிட்டார். நேரம் முடிந்தபோது நிரல் முடியவில்லை.

"பாக்கி இருக்குங்க" என்றார் அத்தான். "நள்ளிரவைத் தாண்டற கூட்டத்துக்கு இது இப்பத் தப்பாச் சொல்லும். எந்த வரியில தப்புன்னு தெரியும். இதோ இந்த வரி. சரிபண்ண இன்னும் கால் மணி வேணும்."

"நேரம் முடிஞ்சுது சார். சொல்லி அனுப்பறோம்."

நாங்கள் வெளியே வந்தபோது அவர் இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தண்ணீரை நீட்டினாள். குடித்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் எங்க இருந்தீங்க?" என்று கேட்டார்.

வியாழக்கிழமை தகவல் இல்லை. அன்று மாலை வாண்டு டைமரை எடுத்துச் சமையலறையிலேயே திரும்ப வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவள் பள்ளிக்குப் போனாள். அக்கா விடுப்பு எடுத்திருந்தாள். பதினொரு மணிக்கு அத்தான் பழைய நிறுவனத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். சம்மதம் என்றுதான் தொடங்கினார். நான் பின்னால் நின்றேன். இரண்டு பத்திக் கடிதம். அவர் அதில் ஒரு காற்புள்ளியை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார். எந்தச் சட்டைகளை எடுத்துப்போக வேண்டும் என்று அக்கா உள்ளே அலமாரியைத் திறந்து நின்றிருந்தாள். எதையும் எடுக்கவில்லை, திறந்து நின்றிருந்தாள்.

பதினொன்று நாற்பதுக்குப் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், தாமதத்துக்கு மன்னிக்கணும்" என்றாள் தலைவி. "இங்க ஒரு சண்டை நடந்துது. என்கூட வந்தாரே, அவர் உங்களை வேண்டாம்னு எழுதிட்டார். நேரத்துக்குள்ள முடிக்கலை, அது உண்மைதானே?"

"உண்மைதான்" என்றார் அத்தான்.

"ஆனா அவருக்கு மனசு கேட்கலை போல. நேத்து நாங்க விக்கிற சாஃப்ட்வேர்லயே அந்தம்மாவை அனுப்பிப் பார்த்திருக்கார். வேற ஊர்லேர்ந்து வீடியோவுல டாக்டரைப் பார்க்கிற நோயாளி, தொடங்குறது நம்ம கடிகாரத்துல பத்து மணி, முடியுறது அவங்க ஊர்க் கடிகாரத்துல ஒன்பதரை. எங்க சாஃப்ட்வேர் என்ன பண்ணுச்சு தெரியுமா? அந்த நோயாளி பேரையே பட்டியல்லேர்ந்து எடுத்துடுச்சு. எத்தனை பேரை இதுவரைக்கும் அப்படி எடுத்திருக்குன்னு தேடிட்டிருக்கோம். காலையில அவரே வந்து, எழுதினதை மாத்திக்கிறேன்னுட்டார். நீங்க வரணும். வர்றீங்களா?"

அத்தான் யோசித்தார்.

அக்கா அலமாரியை விட்டு ஓடிவந்தாள். அவர் முகம் அசையவில்லை. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாற்பத்து மூன்று. அக்கா அவர் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினாள். பிறகு தோளைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லுங்களேன், வாயைத் திறந்து" என்று சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். அந்தம்மாவைச் சரிபண்ணிட்டீங்களா?"

"இன்னும் இல்ல சார்."

"அப்ப திங்கட்கிழமை வரேன்."

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாளா, அழுதாளா என்று சொல்வது கஷ்டம். அத்தான் சம்மதக் கடிதம் முழுவதையும் நீலமாக்கி ஒரே வீச்சில் அழித்தார். காலித் திரையில் வேகமாக ஒரு வரி எழுதினார், அதைப் பார்த்தார், அதையும் அழித்தார். பிறகு, வர இயலாது, இத்தனை வருடத்துக்கு நன்றி என்று எழுதிப் பதினொன்று ஐம்பதுக்கு அனுப்பினார்.

"நடுவுல ஏதோ எழுதி அழிச்சீங்களே, என்னத்தான் அது?"

"ஒண்ணுமில்ல மாப்ள."

மறுநாள் காலை நான் வாய் நிறைய நுரையோடு நின்றபோது குளியலறை வாசலில் வந்து நின்றார்.

"யாரோட பன்னிரண்டுன்னு எழுதியிருந்தேன்."

நான் துப்பிவிட்டு, "என்ன பன்னிரண்டு?" என்றேன்.

"வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ளன்னாங்களே. தலைமை அலுவலகத்துக் கடிகாரம் நம்மளைவிட ஒரு மணி நேரம் முன்னாடி; அங்க பன்னிரண்டுன்னா நமக்குப் பதினொண்ணு. பதினெட்டு வருஷமாத் தெரிஞ்ச விஷயம்." முகத்தில் ஒரு சின்ன வெட்கம். "போன் வராம இருந்து, சம்மதம்னு அனுப்பியிருந்தாலும் லேட்டாத்தான் போயிருக்கும். உங்க அக்காகிட்ட சொல்லிடாதே."